ஆம்ப் மாத்தினா கஞ்சிரா கேக்குமா?

ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் பற்றித் தமிழில் நான் பார்த்த விமர்சனங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பெட்டியைப் பிரிப்பாங்க, உலோக உடம்பைத் தட்டிப் பார்ப்பாங்க, அப்புறம் தீர்ப்பு: "திரை விலகின மாதிரி இருக்கு", "மேடை விரிஞ்சிருச்சு", "பேஸ் இறுகிருச்சு". எந்த ஹெட்போனில், எதோடு ஒப்பிட்டு, எவ்வளவு சத்தத்தில் கேட்டாங்க என்கிற மூணும் பெரும்பாலும் இருக்காது. அந்த வார்த்தைகளை நம்பி ஒரு மாசச் சம்பளத்தில் பாதியைப் போடுறவங்க இருக்காங்க. அதனால்தான் இந்தக் குறிப்பு.

புதுக்கோட்டைக்காரனாக எனக்கு ஒரு அளவுகோல் கைவசம் இருக்கு: கஞ்சிரா. அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த பெருமை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளைக்கு உரியது. அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பேர் பெற்றவர். பலாமரச் சட்டம், உடும்புத் தோல், ஓரத்தில் சலங்கைச் சில்லு, அவ்வளவுதான் வாத்தியம். உள்பக்கம் தண்ணீர் தடவிச் சுருதியை இறக்கி, பிடித்திருக்கும் கையின் விரலால் தோலை அழுத்தி, அந்தக் கீழ்நாதத்தை வளைப்பார்கள். அடியில் வளையும் 'கும்', உச்சியில் சில்லின் 'சிலிர்' என்று ஒலியின் இரண்டு கோடியும் ஒரு உள்ளங்கை வாத்தியத்தில் இருக்கு. ஒரு செட்டப் நல்லா இருக்கா என்று பார்க்க இதைவிட வேற என்ன வேணும்?

சரி, ஆம்ப் என்ன வேலை செய்யுது? சிக்னலைப் பெரிசாக்கி, ஹெட்போன் கேட்கும் வோல்டேஜையும் கரண்டையும் கொடுக்கணும். அவ்வளவுதான். இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சாதாரண 32 ஓம் ஹெட்போன், 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் நாம் கேட்பது சராசரி 75–80 டெசிபல். தனி ஆவர்த்தனத்தின் உச்சம் 100 வரை போகலாம். அதற்குத் தேவை 1 மில்லிவாட், அதாவது சுமார் 0.18 வோல்ட். நல்ல டாங்கிள் ஒன்று 1 வோல்ட் தரும். அஞ்சு மடங்குக்கு மேலே கையிருப்பு இருக்கு. 300 ஓம், 97 டெசிபல் ஹெட்போனுக்கு அதே 100 டெசிபல் உச்சத்துக்கு சுமார் 0.77 வோல்ட் போதும். அதுவும் அந்த டாங்கிளுக்குள்ளேயே அடங்கிடுது.

ஆம்ப் உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் உண்டு. ஹைஃபைமேன் எச்இ-6 போன்ற பிளேனர் ஹெட்போன் 50 ஓம், 83.5 டெசிபல். 110 டெசிபல் உச்சம் வேணும் என்றால் அதற்கு சுமார் 450 மில்லிவாட் போகணும், அதாவது 4.7 வோல்ட். டாங்கிள் அங்கே மூச்சு வாங்கும். இதற்கு ஆம்ப் வாங்குவது வீண் செலவே இல்லை.

இன்னொரு இடம் அவுட்புட் இம்பீடன்ஸ். சில இயர்போன்களின் இம்பீடன்ஸ் சுரத்துக்குச் சுரம் மாறும். ஓரிடத்தில் 10 ஓம், இன்னோரிடத்தில் 60 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்க. 30 ஓம் அவுட்புட் உள்ள பழைய கருவியில் செருகினால் அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே எட்டு டெசிபலுக்கு மேல் ஏற்றத்தாழ்வு விழும். 1 ஓம் அவுட்புட்டில் அதே வித்தியாசம் 0.7 டெசிபல்தான். இப்படி ஒரு கருவியிலிருந்து மாறுறவர் "ஒலியே மாறிடுச்சு" என்று சொன்னால் அது பிரமை கிடையாது. ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் அவுட்புட் இருக்கணும் என்பது பழகிய விதி. அதற்குள் வந்துட்டா மேலே செலவழிக்க இந்தக் காரணம் செல்லாது.

இந்த இரண்டும் சரியா இருந்த பிறகும் 'திரை விலகுது' என்று எப்படிக் கேட்கிறது? முதல் சந்தேகம் வால்யூம் மேல்தான். ஒரு டெசிபல் கூட இருந்தாலே காதுக்கு அது 'சத்தமா' படாது, 'தெளிவா' படும். ரெண்டு ஆம்ப்பின் சத்தத்தையும் மீட்டர் வைத்து 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்தாமல் செய்த ஒப்பீடு எதுவும் ஆம்ப்பைப் பற்றிச் சொல்லாது, குமிழை எங்கே திருப்பினோம் என்பதைத்தான் சொல்லும். 1987இல் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை விலை மலிவான ரிசீவரிலிருந்து மிக விலையுயர்ந்த ஆம்ப் வரை சத்தத்தைச் சமப்படுத்தி, எது ஓடுதுன்னு தெரியாமல் கேட்க வைத்தது. கேட்டவர்கள் சரியாகச் சொன்னது காசு சுண்டிப் பார்த்ததைவிடப் பெரிசா மேலே போகல. அது ஸ்பீக்கர் ஆம்ப் சோதனை, உண்மைதான். ஆனால் ஹெட்போன் ஆம்ப் விமர்சனம் எழுதுபவர்கள் அதில் பாதி ஒழுங்கையாவது கடைப்பிடிக்கலாமே.

இப்போ நம்ம ஊர் அறைக்கு வருவோம். மேலே ஃபேன் முழு வேகத்தில் சுத்துது, ஜன்னல் திறந்திருக்கு. அந்த அறையின் இரைச்சல் சுமார் 45–50 டெசிபல். திறந்த முதுகு ஹெட்போன் போட்டிருந்தால் அது அப்படியே காதுக்குள் வரும். அதில் உட்கார்ந்துக்கிட்டு 120 டெசிபல் சிக்னல்-இரைச்சல் விகிதம் உள்ள ஆம்ப்புக்கும் 100 உள்ளதுக்கும் வித்தியாசம் தேடுறோம். மூடிய ஹெட்போன் ஒன்று, அல்லது ராத்திரி ஃபேன் வேகத்தைக் குறைப்பது, இரண்டும் ஆம்ப்பைவிட அதிகம் மாற்றும்.

'ம்ம்ம்' என்று ஹம் வருதா? லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்க. நின்னுட்டா குற்றவாளி கரண்ட் லைன் அல்லது எர்த். எர்த் சரியா போடாத வீட்டில் விலை கூடின ஆம்ப்பும் அதே ஹம்மைத்தான் பெரிசாக்கிக் கொடுக்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் கரகரப்பு வந்தால், அது சைன் வேவ் இல்லாத இன்வெர்ட்டராக இருக்க வாய்ப்பு அதிகம். இதுக்கு எலக்ட்ரீசியனைக் கூப்பிடணும், ஆம்ப் கடையை இல்லை.

எனக்கு முக்கியமான இடம் பதிவு. 1925க்கு முன்னால் இசைத்தட்டுகள் கூம்பு வழியாகப் பதிந்தவை. பாடகர் கூம்புக்குள் பாடணும், அந்த அதிர்வே ஊசியை அசைக்கும். தாழ்ந்த ஒலியும் உச்ச ஒலியும் அதில் தங்கவில்லை. கஞ்சிராவின் 'கும்' அங்கே தட்டிலேயே இல்லை. இல்லாததை எந்த ஆம்ப்பும் தராது. மின்பதிவு வந்த பிறகு கொஞ்சம் விரிந்தது, ஆனாலும் இன்றைய பதிவுக்கு ரொம்பத் தூரம்.

அந்தத் தட்டுகளை இன்று கணினிக்கு ஏற்றும் விதத்தில்தான் பெரிய சேதம். அன்று எல்லாத் தட்டும் சரியாக 78 சுற்றில் பதியப்படல. 74 சுற்றில் பதிந்ததை 78இல் ஓட்டினால் வேகம் 5 சதவீதத்துக்கு மேல் கூடும்; 1 கட்டையில் பாடியவர் கிட்டத்தட்ட ஒன்றரைக் கட்டையில் பாடுவது போல் ஆகிடும். அடுத்தது, பின்னால் வந்த எல்பி தட்டுக்கான ப்ரீஆம்ப். அதன் அளவு 1954இல் வந்த ஆர்ஐஏஏ. அது 10,000 ஹெர்ட்ஸில் 13 டெசிபலுக்கு மேல் குறைக்கும். கூம்புப் பதிவில் அதற்கு ஈடான ஏற்றமே கிடையாது. அதே ப்ரீஆம்ப் வழியாக ஏற்றினால் இருக்கிற கொஞ்சம் உச்சமும் போய்ச் சேரும். கேட்பவர் "மங்கலா இருக்கே" என்று நினைச்சு ஆம்ப் வாங்குகிறார். அதே பாட்டின் வேறொரு நல்ல ஏற்றத்தைத் தேடுவதே அவருக்கான மேம்பாடு. இலவசமாவும் கிடைக்கலாம்.

ஹெட்போனையே மாற்றுவது? அது நிச்சயமா கேட்கும். ஆனால் விலையைப் பார்த்து வாங்க வேண்டாம். 2017இல் ப்ரீபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களின் அளவீட்டைப் பார்த்து, விலைக்கும் அதிர்வெண் ஒழுங்குக்கும் தொடர்பே தெரியவில்லை என்று எழுதினார். அளவீடு பார்த்து வாங்கி, மீதி குறையை ஈக்வலைசர் ஏபிஓ போன்ற இலவச மென்பொருளால் திருத்தினால் ஆம்ப் செலவில் பாதிகூட ஆகாது.

எதிர்ப்பக்கமும் நியாயமா பேசணும். வால்வ் ஆம்ப் உண்மையிலேயே வேற மாதிரி கேட்கும், அதன் அவுட்புட் இம்பீடன்ஸும் திரிபும் அதற்குக் காரணம். அந்த ருசி பிடித்தவர் வாங்கட்டும், யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. கனமான குமிழைத் திருப்புவதில் உள்ள சந்தோஷமும் சந்தோஷம்தான். 'எனக்குப் பிடிக்குது' என்பதை 'துல்லியம் கூடிருச்சு' என்று விற்கும்போதுதான் ஏமாற்று ஆரம்பிக்குது.

ஆம்ப் வாங்கியவுடன் குமிழ் மேலே போகும், அதுவும் கவனிக்கணும். வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வைத்த எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதி நேரம் பாதியாகும். 89இல் 5 மணி நேரம்தான். உச்ச ஒலியைக் கேட்கும் திறன்தான் முதலில் போகும், சலங்கைச் சில்லு அதில்தான் இருக்கு. போன காதுக்கு அப்கிரேடு கிடையாது.

அடுத்த முறை ஒரு ஆம்ப் விமர்சனம் பார்த்தால் மூணு எண்ணைத் தேடுங்க: அவுட்புட் இம்பீடன்ஸ் எத்தனை ஓம், விமர்சகரின் ஹெட்போனுக்கு எத்தனை மில்லிவாட், ஒப்பிட்ட இரண்டு ஆம்ப்பின் சத்தம் எத்தனை டெசிபலுக்குள் சமம். மூணும் இருந்தால் முழுசாப் படிங்க. ஒண்ணும் இல்லைன்னா, அந்த நேரத்தில் ஒரு நல்ல தனி ஆவர்த்தனம் கேட்கலாம்.