கூட்டுக்குள் ஒரு சின்ன 'யு'

மேசையில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருப்பது முதல் உலகப் போர்க் காலத்து வெள்ளிக் கைக்கடிகாரம். வார் கோர்க்க இரண்டு பக்கமும் வளைத்துப் பற்றவைத்த மெல்லிய கம்பிகள். அதுவரை பெண்கள் அணியும் நகையாக நினைக்கப்பட்டதைப் போர்வீரர்கள் கையில் கட்டிக்கொண்ட காலம் அது.

முகப்பில் பெயர் இல்லை. டயலில் சுவிஸ் தயாரிப்பாளரின் பெயர் இருப்பதை அன்றைய பிரிட்டிஷ் வியாபாரிகள் விரும்பவில்லை. எனக்கோ அந்த வெறுமையே அழகு. செப்புத் தகட்டில் கண்ணாடிப் பொடியைப் பரப்பிச் சூளையில் உருக்கி எடுத்த எனாமல் வெள்ளை நூறு வருஷம் கழித்தும் மங்கவில்லை. முட்கள் உள்ளீடற்றவை, அந்த இடைவெளியில் பூசிய ரேடியம் கலவை இன்று டிகாக்‌ஷன் நிறத்தில் காய்ந்து கிடக்கிறது. இருட்டில் இனி ஒளிராது. ரேடியம் தீர்ந்துவிடவில்லை, அது பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் வேண்டும். அதன் கதிர்பட்டு ஒளிர்ந்த துத்தநாக சல்ஃபைடுதான் களைத்துவிட்டது. ரேடியம் இன்னும் அப்படியே இருப்பதால்தான் முட்களை நான் சுரண்டவும் மாட்டேன், ஊதவும் மாட்டேன்.

வயதைத் தெரிந்துகொள்ளப் பின்மூடியை நெம்பினால் நகம்தான் தேயும். மூடியே கிடையாது! ஜெனீவாவின் பிரான்சுவா போர்கெல் 1891இல் காப்புரிமை பெற்ற கூடு இது. சாவித் திருகை வெளியே இழுத்துவிட்டு, கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைப் பிடித்துத் திருக வேண்டும். நாணய விளிம்பில் இருப்பதுபோல் அந்த வளையம் முழுக்க நுண்ணிய வரிகள், விரல் வழுக்காது. மரை மெல்லக் கழல, கண்ணாடி, டயல், இயந்திரம் எல்லாம் ஒன்றாக மேலே எழுந்து வருகின்றன. தூசியும் ஈரமும் புகாமலிருக்க யோசித்த வழி. எத்தனை முறை திருகினாலும் அந்த மரையின் வழவழப்பு எனக்கு அலுக்கவில்லை.

இப்போது காலிக் கிண்ணம் போன்ற கூடு. கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு விளக்கைச் சாய்க்கிறேன். ஒரு சாவியின் மேல் 'எஃப்', 'பி' எழுத்துகள்: போர்கெல் முத்திரை. அருகே இறக்குமதியாளரின் 'ஜி.எஸ்', நீள்வட்டத்துக்குள் .925, வளைகோடாகச் சிம்ம ராசிக் குறி. அந்தச் சிம்மம் லண்டன் மதிப்பீட்டு அலுவலகம் வெளிநாட்டுச் சரக்குக்கு இட்ட அடையாளம். 1907 ஜூன் முதல் பிரிட்டனுக்குள் வரும் தங்க, வெள்ளிக் கடிகாரக் கூடுகள் எல்லாம் பிரிட்டிஷ் மதிப்பீட்டு அலுவலகம் ஒன்றில் சோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும் என்று சட்டம் வந்தது.

நான் தேடி வந்தது ஐந்தாவது குறியை: சிறிய 'யு'.

அன்று லண்டனில் ஆண்டுக்கு ஓர் எழுத்து. 'ஜே'யை விட்டுவிட்டு 'ஏ' முதல் 'யு' வரை இருபது. ஒரு சுற்று முடிந்தால் எழுத்தின் உருவம் மாறும். 1895இன் 'யு' பெரிய எழுத்து. 1916இன் 'ஏ' கோணல்மாணலான பழைய ஜெர்மானிய பாணி. நடுவில் இந்தச் சாதாரணச் சிறிய 'யு' 1915க்கு உரியது. மே இறுதியில் எழுத்து மாறுவது அன்றைய வழக்கம். ஆகவே 1915 மே முதல் 1916 மே வரைக்குள் ஏதோ ஒரு நாளில் இந்தக் கூட்டின்மேல் சுத்தியல் விழுந்திருக்கிறது. அரிசி முனையளவு எழுத்துதான், ஆனால் பள்ளத்தின் விளிம்பு இன்னும் கூர்மை. வெளிப்புறத்தை யார் யாரோ தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். அந்தக் கைகள் இங்கே எட்டவில்லை.

எழுத்துக்குக் கீழே, விளக்கை இன்னும் சாய்த்தால், ஊசியால் கீறிய சில எண்கள். ஏதோ ஒரு காலத்தில் இதைப் பழுதுபார்த்தவர்கள் தங்களுக்காக இட்டுக்கொண்ட அடையாளம். இரண்டு கையெழுத்துகள்; ஒன்று நிதானம், மற்றது அவசரம்.

வளையத்தை மரையில் பொருத்தித் திருகுகிறேன். சாவித் திருகை உள்ளே தள்ளியதும் 'டிக்' என்று ஓர் ஒலி.