'உடன்' என்கிற சொல்

மார்ட்டின் லூதர் கிங்குடன் தன் வாழ்க்கை என்று பொருள்படும் தலைப்பில், அவர் கொல்லப்பட்ட மறு ஆண்டு, 1969இல், கொரெட்டா ஸ்காட் கிங் எழுதிய நினைவுநூல் வெளிவந்தது. தலைவரைத் தேடித்தான் எல்லோரும் அதைப் பிரித்தார்கள். தலைப்பிலிருக்கும் 'என் வாழ்க்கை' யார் கண்ணிலும் படவில்லை.

1956 ஜனவரி 30. மாண்ட்கோமரியில் பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருக்கிறது. கிங் வீட்டில் குண்டு வீசப்படுகிறது. பெருங்கதையாடலில் நமக்குத் தெரிந்த காட்சி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: கூட்டத்திலிருந்து திரும்பிய கிங், ஆத்திரத்தோடு திரண்டு நிற்கும் மக்களை அமைதிப்படுத்துகிறார். சரி, குண்டு விழுந்தப்ப வீட்டுக்குள்ள யாரு இருந்தா? கொரெட்டாவும் ஒரு தோழியும், மூன்று மாதம்கூட நிரம்பாத கைக்குழந்தையும். வாசலில் ஏதோ விழும் சத்தம் கேட்டுப் பின்கட்டுக்கு ஓடியதை இப்பிரதி உள்ளிருந்து சொல்கிறது. அழைத்துப்போக வந்த அப்பாவிடம், வரமாட்டேன் என்கிறார். அகிம்சையின் சரித்திரத்தில் இந்த மறுப்புக்கு என்ன இடம்?

1953இல் கல்யாணத்தின்போதே கணவனுக்குக் கீழ்ப்படிவேன் என்கிற வாசகத்தை உறுதிமொழியிலிருந்து நீக்கச் சொன்னவர் அவர். பாஸ்டனில் முறையாக இசை பயின்றவர். ஆனால் மனைவி வீட்டோடு இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விடுதலைத் தலைவரின் எதிர்பார்ப்பு. இதையும் கொரெட்டா மறைக்கவில்லை. குறையைச் சொல்கிற இடத்திலேயே சமாதானத்தையும் சொல்லிவிடுகிறார். பிரதி விரிசல் விடுவது இங்கேதான்.

இன்னொன்று, மௌனம். கிங்கை அவமானப்படுத்த எஃப்.பி.ஐ. 1964இல் அநாமதேயமாக அனுப்பிய ஒலிநாடாவைப் பிரித்தவர் கொரெட்டா. 1969 நூலில் அது இல்லை. விதவை புனிதபிம்பம் கட்டுகிறார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். படுக்கையறையையே அரசு ஆயுதமாக்கியபோது, அந்தரங்கத்தைப் பேசுவது யார் கைக்குப் போய்ச் சேரும்? பேசாமலிருப்பதும் அங்கே ஓர் அரசியல் செயல்பாடுதான். அதற்கான விலையைத் தந்தது ஒரு பெண்ணின் தன்னிலை என்பதும் உண்மை.

கொரெட்டா இறந்தது 2006இல், அதே ஜனவரி 30இல். 2017இல் வெளிவந்த தன்வரலாற்றில்தான் அந்த உளவு வேலைகளைப் பற்றியும், தன்னை வெறும் ஒட்டாகப் பார்த்தவர்களைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுகிறார். 1969இல் அதைக் கேட்க யார் தயாராக இருந்தோம்? தலைவரைத் தேடாமல் ஒருமுறை அந்த முதல் நூலை வாசித்துப் பார்க்கலாம்.