முன்மாதிரிகளின் நியாயம்

வார் தண்டர் என்கிற இணைய ஆட்டத்தை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்பேன். 2012 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டம் இது. இங்கே ஜொகூரில் எனக்குத் தெரிந்த பையன்கள் பலருக்கு இரண்டாம் உலகப்போர் பள்ளிப் பாடத்தைவிட இதன் வழியாகத்தான் அறிமுகம். வரலாற்றைச் சொல்லித்தருகிற எதையும் நாம் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

நான் பேச வருவது அதன் ஒரு சின்ன மூலையைப் பற்றி: விமான எதிர்ப்பு வண்டிகள். டாங்கியின் உடம்பில் வேகமாகச் சுடும் பீரங்கியை ஏற்றி, தாழப் பறக்கும் விமானத்தை விரட்டுவது இவற்றின் வேலை. ஆட்டத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வாகன வரிசை உண்டு. அதில் படிக்குப் படி விமான எதிர்ப்பு வண்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நாட்டை எடுத்து ஆடுபவன் மேலிருந்து விழும் குண்டுக்குப் பதில் சொல்ல முடியாது. நிஜத்தில் அந்த நாடு அப்படியொரு வண்டியைப் போருக்கு அனுப்பவே இல்லையென்றால்? சோதனையோடு நின்றுபோன முன்மாதிரியைத் தேடிப்பிடித்து ஓட்டையை அடைக்கிறார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, இதில் ஒரு அழகு இருக்கிறது. 1981-ல் அமெரிக்க ராணுவத்தின் போட்டியில் ஃபோர்டு நிறுவனத்தின் வண்டி ஜெயித்தது; ஜெனரல் டைனமிக்ஸின் எக்ஸ்எம்246 தோற்றது. ஜெயித்த வண்டியும் உருப்படவில்லை. ஏகப்பட்ட பணத்தைத் தின்றுவிட்டு 1985-ல் கைவிடப்பட்டது. ஆட்டத்தில் இரண்டும் இருக்கின்றன. தோற்றவனுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது. இலக்கியமும் இதைத்தானே செய்கிறது?

எல்லை தாண்டக்கூடாது என்ற எண்ணமும் அவர்களுக்கு உண்டு. ஜெர்மனியின் கோலியான், பாந்தர் டாங்கியின் மேல் அமைக்க நினைத்த விமான எதிர்ப்பு வண்டி. மர மாதிரியைத் தாண்டி அது வளரவில்லை. முதலில் ஆட்டத்தில் இருந்தது, 2019-ல் புதிதாக ஆட வருபவர்களுக்கு இல்லாமல் ஆக்கப்பட்டது. ஆக, இரும்பில் ஒன்றாவது செய்யப்பட்டிருந்தால் உள்ளே வரலாம், மரத்திலும் காகிதத்திலும் நின்றிருந்தால் சிரமம். நியாயமான விதி போலத்தான் தெரிகிறது. எனக்கு இந்த விதி போதவில்லை. ஏன் என்பதை நம்மூரை வைத்தே சொல்கிறேன்.

ஜப்பானிய வரிசையில் தா-சே என்றொரு வண்டி இருக்கிறது. இலகு டாங்கி உடம்பில் 20 மில்லிமீட்டர் பீரங்கி. முன்மாதிரியோடு சரி, தயாரிப்புக்குப் போகவில்லை. ஆட்டத்தில் பிரிட்டிஷ் பக்கம் குரூசேடர் டாங்கியில் அமைத்த விமான எதிர்ப்பு வண்டி இருக்கிறது. இருவருக்கும் வானத்தைப் பார்த்துச் சுட ஆளுக்கொரு பீரங்கி. கணக்கு சரியாகிவிட்டது.

1942 ஜனவரியில் மூவாரில் கணக்கு அப்படியா இருந்தது? 18-ஆம் தேதி பக்ரி சாலையில் ஆஸ்திரேலியர்களின் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் ஜப்பானிய ஹா-கோ டாங்கிகளை வரிசையாக அடித்து நொறுக்கின. அது தரையில். மறுநாள் வான் தாக்குதலில் 45-வது இந்தியப் படையணியின் தலைமையகம் சிதறியது. மத்தியக் கிழக்குக்கு அனுப்ப இருந்த, பயிற்சி முடியாத படையணி அது. அவர்களிடம் டாங்கி இல்லை, குரூசேடரும் இல்லை. வானம் ஜப்பான் கையில் இருந்தது. தா-சே வராததால் ஜப்பான் இங்கே எதையும் இழக்கவில்லை. விமான எதிர்ப்பு வண்டி தேவைப்பட்டது குண்டு வாங்கியவர்களுக்கு. அவர்களுக்கு முன்மாதிரிகூட இல்லை.

இதைச் சொன்னபோது என் அக்கா மகன் கேட்டான்: "மாமா, ஒரு பக்கத்துக்கு மட்டும் பிளேன் குடுத்தா யாரு விளையாடுவா?" சரியான கேள்வி. யாரும் ஆடமாட்டார்கள். ஆட்டத்துக்குச் சமநிலை வேண்டும். மலாயாப் போரோ சமநிலை இல்லாததால்தான் அப்படி முடிந்தது. முன்மாதிரியைக் கொண்டுவந்து ஓட்டையை அடைக்கும்போது, அந்த ஓட்டை ஏன் இருந்தது என்ற வரலாறும் சேர்ந்து அடைபட்டுப் போகிறது. சாலையோரத் தோட்டங்களில் இருந்த நம் சனங்கள் ஆட்டத்தின் வரைபடத்தில் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வீடுகள் உண்டு, குடியிருப்பவர்கள் கிடையாது.

அதற்காக முன்மாதிரிகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கவசத்தின் தடிமனை மில்லிமீட்டர் கணக்கில் காட்டத் தெரிந்த ஆட்டம் இது. ஒரு வண்டி எத்தனை செய்யப்பட்டது, எங்கே போனது, எங்கே போகவில்லை என்பதையும் அதே அக்கறையோடு ஆடுபவன் கண்ணில் படும்படி வைக்கலாம். தா-சேயை ஓட்டும் பையன், அது மூவாருக்கு வரவில்லை என்பதையும் வந்தது எது என்பதையும் தெரிந்துகொண்டு ஓட்டட்டும். ஆட்டத்தின் சுவை அதனால் குறையாது.