இடிப்பதும் இடிய விடுவதும்

2003இல் சென்னை ராணி மேரிக் கல்லூரி வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அன்றைய அரசு அறிவித்தபோது மாணவிகள் அங்கிருந்து வெளியேற மறுத்துப் போராடினார்கள். ஆசிரியர்கள், பழைய மாணவிகள், பெண்கள் அமைப்புகள், எதிர்க்கட்சிகள் என்று பலரும் கூட நின்றார்கள். மாணவிகளைச் சந்திக்க உள்ளே போனதற்காக மு.க. ஸ்டாலின் கைதானார். கடைசியில் அரசு பின்வாங்கியது, கல்லூரி பிழைத்தது. நம் இயக்க நினைவில் இது ஒரு வெற்றிக் கதை. வெற்றிதான், யார் இல்லையென்றது? ஆனால் அந்தக் கதைக்குள் வராத ஒரு கட்டிடம் இருக்கிறது.

அது கேப்பர் ஹவுஸ். கர்னல் கேப்பர் என்ற வெள்ளை ராணுவ அதிகாரியின் கடற்கரை வீடு, பிறகு ஓட்டல். 1914இல் சென்னை நகரின் முதல் பெண்கள் கல்லூரி தொடங்கியது அந்த வீட்டில்தான். டோரதி டி லா ஹே முதல் முதல்வர். 1936 வரை அவரே இருந்தார். 1917இல்தான் ராணி மேரி என்ற பெயர் வந்தது. கல்லூரிக்கு இடம் கொடுத்த அந்த வீடு இன்று இல்லை. பராமரிப்பில்லாமல் பாழடைந்து, இனி லாயக்கில்லை என்றாகி, இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது கலைஞர் மாளிகை என்ற புதுக் கட்டிடம் நிற்கிறது. கேப்பர் ஹவுஸுக்காக யாரும் சாலையில் உட்கார்ந்ததாக நம் நினைவில் எதுவும் பதிவாகவில்லை.

நான் கேட்க நினைப்பது இதைத்தான். ஆணை போட்டு இடிக்க வந்தால் நமக்குக் கோபம் வருகிறது. பணம் ஒதுக்காமல் இடிய விட்டால் ஏன் வருவதில்லை? முதலாவதில் அதிகாரத்துக்கு ஒரு முகம் இருக்கிறது, எதிர்த்து முழக்கமிடலாம். இரண்டாவதில் முகமே கிடையாது. ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகாமல் கிடக்கிறது, அவ்வளவுதான். கோப்பை எதிர்த்து எப்படிங்க ஊர்வலம் போவது? அதிகாரம் செய்வதைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். அது செய்யாமல் விடுவதைப் படிக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

அரசுக் கல்லூரியின் கட்டிடம் கல்லூரியின் கையில் இல்லை. ஓடு மாற்றவும் ஓதம் நிறுத்தவும் பொதுப்பணித்துறைதான் வரவேண்டும். முதல்வர் கடிதம் எழுதுவார், மதிப்பீடு போடுவார்கள், நிதி வருவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும். மெரினாவின் உப்புக்காற்று அதுவரை காத்திருக்குமா? பணம் வந்தபிறகும் ஆபத்து தீர்வதில்லை. சுண்ணாம்புக் காரையில் எழுந்த சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மூச்சுவிடுகிற சுவர் அது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் பொடியும். ‘பார்த்தீர்களா, பழசு, தாங்காது’ என்று அப்புறம் சொல்வார்கள். தாங்காமல் செய்தது எது என்று யாரும் கேட்பதில்லை.

முடியாத காரியம் என்று நினைக்கவேண்டாம். 2012 ஜனவரியில் தீயில் எரிந்த சேப்பாக்கம் கலச மகாலைப் பொதுப்பணித்துறையே பழைய முறையில் மீட்டுக் கட்டியது. அறிவு இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள். எந்த நினைவுக்குச் செலவழிப்பது என்பதில்தான் அரசியல்.

அதே கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸைப் பாருங்கள். 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்கக் கட்டியது. 1897இல் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். அதற்குப் பிறகு, சகோதரி சுப்புலட்சுமி நடத்திய விதவைகள் இல்லம் பல வருஷம் அங்கே இருந்தது. பால்ய விதவைகளான பிராமணப் பெண்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். சிலர் ராணி மேரிக்கும் வந்தார்கள். (அந்த இல்லம் ஒரு சாதிக்குள்ளேயே நின்றது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும்.) 1963இல் கட்டிடத்துக்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் வந்தது. 1997இல் ராமகிருஷ்ண மடத்தின் கைக்குப் போனது. இன்று நன்றாகப் பராமரிக்கப்படுகிறது, சந்தோஷம். ஆனால் ஒன்பது நாள் பெயராகிவிட்டது. பல வருஷம் அடிக்குறிப்பாகிவிட்டது. மரபு என்ற சொல்லாடல் வேலை செய்கிற விதம் இது. ஒரு பெரிய ஆண் வந்து தங்கினால் சுவருக்குப் புனிதம் ஏறுகிறது. பெயர் தெரியாத பெண்கள் உட்கார்ந்து படித்துப் பரீட்சை எழுதிய அறை வெறும் அறை.

தோழர்கள் சிலர் இன்னொன்று சொல்வார்கள்: வெள்ளைக்காரன் கட்டியது, ராணி பெயர் வேறு, போனால் போகட்டுமே. இந்த வாதத்தில் பாதிதான் உண்மை. பெயர் காலனியத்தின் பெயர்தான். ஆனால் கட்டிடத்தின் அர்த்தத்தைக் கட்டியவன் மட்டுமா தீர்மானிக்கிறான்? ஒரு ராணுவ அதிகாரியின் உல்லாச வீட்டை வகுப்பறையாக மாற்றியவர்கள் பெண்கள். அந்த மாற்றந்தான் நம்முடைய வரலாறு. வீட்டை விட்டால் அதற்கான சாட்சியையும் விடுகிறோம்.

மிச்சமிருப்பவை பென்ட்லண்ட் ஹவுஸ், ஸ்டோன் ஹவுஸ், ஜெய்ப்பூர் ஹவுஸ் போன்ற பழைய கட்டிடங்கள். தனியார் கல்லூரி என்றால் வசதியான பழைய மாணவர்களிடம் கையேந்தலாம். அரசுக் கல்லூரியில் படிக்க வருகிற பெண்களில் பலர் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அவர்களிடம் நன்கொடை கேட்பது அநியாயம். புரவலர்கள் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பணம் கொடுப்பவர் நாளைக்குப் பெயர்ப்பலகை கேட்பார். எந்த நினைவு நிற்கவேண்டும் என்பதையும் அவரே முடிவுசெய்வார்.

ஆகவே கோரிக்கை சின்னதுதான், சுவாரஸ்யமில்லாததுங்கூட. அரசுக் கல்லூரிகளின் பழைய கட்டிடங்களுக்கு வருஷாவருஷம் தனியாகப் பராமரிப்பு நிதி. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்கு அதற்கேற்ற கூலி. எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்ற கணக்கு மாணவிகள் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில். இதற்கு முழக்கம் எழுதுவது கஷ்டம். 2003இல் வாசலில் நின்றவர்கள் இனி ஒவ்வொரு மழைக்கும் பிறகு கூரையையும் போய்ப் பார்க்கவேண்டியிருக்கிறது.