தொடாமல் திரும்பும் ரைடர்

பின்நவீனத்துவக் கலைக் கண்காட்சியில் எல்லாரும் தவறாக எடைபோடும் ஆட்டக்காரர் ஒருவர் உண்டு: அறைக்குள் நுழைந்த வேகத்திலேயே வெளியே வரும் பார்வையாளர். ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கொச்சி–முசிறிஸ் பினாலேவுக்குப் போகும் கூட்டத்தில் இவரை எளிதில் அடையாளம் காணலாம். சுவரிலுள்ள விளக்கக் குறிப்பைப் படிக்கமாட்டார். ஓர் அறையில் அரை நிமிடம், அடுத்ததில் அதைவிடக் குறைவு. இவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு அநியாயமானது.

கபடியை ஊன்றிப் பார்ப்பவர்களுக்கு எம்ப்டி ரைடின் மதிப்பு தெரியும். பாக் லைனைத் தாண்டாமல் திரும்பினால் ரைடர் அவுட். தாண்டிவிட்டு யாரையும் தொடாமல் திரும்பினால் அது முறையான ஆட்டம். புள்ளி வராது, ஆனால் கார்னர் எங்கே நிற்கிறார், சங்கிலி எப்போது இறுகுகிறது என்பதெல்லாம் கைக்கு வந்துவிடும். தொடர்ந்து இரண்டு ரைடு வெறுமையாகப் போனால் மூன்றாவது டூ ஆர் டை: புள்ளி எடுக்காவிட்டால் ரைடர் அவுட். வேகப் பார்வையாளர் ஆடுவதும் இதைத்தான். ஒவ்வோர் அறையிலும் கோட்டைத் தாண்டி உள்ளே போகிறார், தன்னை முழுதாகக் கொடுக்கவேண்டிய அறை எதுவென்று தேடிக்கொண்டே திரும்புகிறார். வாசலில் நின்று குறிப்பைக் கடைசி வரிவரை படித்து, படைப்பை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நகர்பவர்தான் உண்மையில் கோட்டைத் தாண்டாதவர்.

ஆட்டம் பார்வையாளர் கைக்கு வந்ததற்கு வரலாறு உண்டு. படைத்தவரின் எண்ணமே படைப்பின் முடிவான பொருள் என்ற பிடியை, பிரெஞ்சு விமர்சகர் ரொலான் பார்த் 1967-ல் வெளியிட்ட கட்டுரையில் தளர்த்தினார். 1981-ல் மிலான் நகரில் வடிவமைப்பாளர் எட்டோரே சோட்சாஸின் மெம்ஃபிஸ் குழு 'கார்ல்டன்' என்ற புத்தக அடுக்கைக் காட்சிக்கு வைத்தது. தட்டுகள் சாய்ந்திருக்கும், புத்தகத்தை எங்கே வைப்பது என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்யவேண்டும். அதன் மேல் ஒட்டியது தேநீர்க்கடை மேசைக்குரிய பிளாஸ்டிக் லேமினேட், நம்மூர் பேக்கரிகளில் சன்மைக்கா என்று சொல்கிறோமே, அதே வகை. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2011-ல் இத்தகைய பின்நவீனத்துவப் பொருள்களைத் திரட்டிப் பெரிய கண்காட்சியே நடத்தியது.

கொச்சி பினாலே 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. அந்த முதல் பதிப்பில் கலைஞர் விவான் சுந்தரம், கேரளத்தின் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளைத் தரையெங்கும் பரப்பி, மிளகையும் சேர்த்து, 'பிளாக் கோல்ட்' படைப்பை அமைத்தார். மிளகு கடலேறிய காலத்தில் வந்த ரோமானியக் காசுகள் கணவாயைத் தாண்டிக் கோவை வெள்ளலூர் வரை புதையலாகக் கிடைத்திருக்கின்றன. அந்த அறைக்குள் கொங்குநாட்டவர் விருந்தாளியாக அல்ல, பங்காளியாகவே நுழைகிறார். 2014-ல் அனிஷ் கபூர் தரைக்குள் சுழலும் கருநீர்ச் சுழியை வைத்தார். அதற்கு அரை நிமிடம் போதும்.

டூ ஆர் டை அறை 2016-ல் வந்தது. சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா, பினாலே நடக்கும் ஆஸ்பின்வால் ஹவுஸின் கிடங்கு ஒன்றைக் கடல்நீரால் நிரப்பினார். 'வலியின் கடல்' என்பது படைப்பின் பெயர். 2015-ல் கடலில் மூழ்கிய சிரியச் சிறுவன் காலிப் குர்திக்கு அது காணிக்கை. அவனுடைய தம்பி கரையொதுங்கிக் கிடந்த படத்தை உலகமே பார்த்தது. காலிப்புக்கு அப்படியொரு படம் இல்லை. எதிர்ச்சுவரில் எழுதியிருப்பதைப் படிக்க அந்த நீரில் நடந்தே போகவேண்டும். இறங்குவதா, கரையில் நிற்பதா என்பதுதான் மொத்த ஆட்டமும். இதை எந்த விளக்கக் குறிப்பும் பார்வையாளருக்காக முடிவு செய்து தராது. அதுவரை ஓடிவந்தவர் செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் நீரில் இறங்கிவிட்டால், முந்தைய அறைகளில் சேமித்த நேரமும் மனமும் எதற்காக என்பது விளங்கிவிடும். படமாகக் கண்ணுக்கு வராத ஒரு சாவைக் கால்கள் அறிந்துகொள்கின்றன. இறங்கிய ஒருவரை 'வேடிக்கை பார்க்க வந்தவர்' என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இனி வரும் பதிப்புகளில் விளக்கக் குறிப்புகள் சுருங்கும். சில அறைகளில் அவை வெளியேறும் வாசலுக்குப் பக்கம் இடம் மாறும். மாறவும் வேண்டும். இப்படியொரு களத்துக்காகக் கோவையும் வெகுகாலம் காத்திருக்காது. அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் ஓவியத்தையும் நெசவு அருங்காட்சியகத்தையும் ஏற்கெனவே ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கிறது. அடுத்த களம் 2020-ல் ஓட்டம் நின்ற பஞ்சாலைகளின் கூடங்களாகத்தான் இருக்கும். அங்கே ஒரு ஸ்பின்னிங் கூடத்தைக் கலைஞரிடம் ஒப்படைத்தால், பஞ்சு பறந்த காற்றைச் சுவாசித்து வேலை பார்த்த தொழிலாளிகள் முதல் நாளே வருவார்கள். குறிப்பைத் தேடாமல் நேராக உள்ளே போவார்கள். கலை விமர்சகர்கள் பார்க்கத் தவறிய மூலைகளில் அவர்களே அதிக நேரம் நிற்பார்கள்.