சொதிச் சட்டிக்குள் ஒரு தலைகீழ் விதி

எண்ணெயும் தண்ணீரும் பற்றி நான் கதைக்கத் தொடங்கினால் வீட்டில் ஒவ்வொருவராக எழும்பிப் போய்விடுகிறார்கள். அதுதான் எழுத வந்தேன். இவ்வளவு அருமையான சங்கதியை, இணுவிலில் இருந்துகொண்டு, மத்தியானச் சோற்றின்மேல் ஊற்றிப் பிசைந்துகொண்டு, எப்படிப் பேசாமல் இருக்கிறது?

முதலில் நல்லெண்ணெய். செக்கில் ஆட்டி வந்த போத்தலின் மூடியைத் திறந்தாலே எனக்குப் பசி கிளம்பிவிடும். ஆனால் அதன் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ 85 வீதம் நிரம்பாதவை. ஒட்சிசனுக்கு இவை லேசான இரை. நியாயப்படி அது கெதியாகக் காறிப்போக வேண்டும். போகிறதில்லையே! மாதக்கணக்கில் அலுமாரியில் கிடந்தாலும் அந்த மணம் அப்படியே நிற்கும். எள்ளுக்குள் பிறக்கிற செசமோலும் காமா தொக்கோபெரோலும் செய்கிற வேலை இது. எள்ளை வறுத்தால் செசமொலின் உடைந்து செசமோல் இன்னும் கூடும். இவை ஒட்சியேற்ற எதிரிகள். தங்களிடம் இருக்கிற ஐதரசன் அணுவைக் கொடுத்து, கொழுப்பைச் சங்கிலியாகக் கெடுத்துக்கொண்டு போகிற மூலிகங்களை அடக்கிவிடுகின்றன.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் கிடைக்கும். என்னைக் கிறங்க வைத்தது இதற்கு அடுத்தது. போர்ட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் 1989இல் ஒரு விசித்திரத்தை எழுதி வைத்தார்கள். தனி எண்ணெயில் சூரனாக நிற்கிற ஒட்சியேற்ற எதிரி, அதே எண்ணெயைத் துளித்துளியாகத் தண்ணீரில் கலந்து பால்மம் ஆக்கினதும் சோர்ந்துவிடுகிறது. தனி எண்ணெயில் சோர்ந்து கிடந்தது, பால்மத்தில் எழும்பி நின்று வேலை செய்கிறது. பிராங்கெலும் கூட்டாளிகளும் 1994இல் சோள எண்ணெயில் இதையே காட்டினார்கள். தனி எண்ணெயில் தண்ணீரில் கரைகிற விற்றமின் சி வென்றது. அதற்கு ஒரு கொழுப்பு வாலை ஒட்டிச் செய்த அஸ்கோபைல் பல்மிற்றேற்று பால்மத்தில் வென்றது. ஒரே பொருள், ஒரே எண்ணெய், முடிவு தலைகீழ். இதை முதன்முதல் வாசித்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை என்றால் நம்புங்கள்.

விளக்கம் இடத்தில் இருக்கிறது. எண்ணெய் கெடத் தொடங்குவது அதன் நடுவயிற்றில் இல்லை, அது வேறொன்றைத் தொடுகிற எல்லையில். பால்மத்தில் அந்த எல்லை துளியின் தோல். தண்ணீரை விரும்புகிற எதிரி தண்ணீருக்குள் நீந்திப்போய்விடும். எண்ணெயை விரும்புகிறது துளியோடு தங்கி, தோலுக்குக் கிட்ட நிற்கும். தனி எண்ணெயில் எல்லை வேறு: மேலே காற்று, உள்ளே கண்ணுக்குப் படாமல் ஒளிந்திருக்கிற நுண்ணிய நீர்ப்பொட்டுகள். அங்கே போய்க் கூடுவது தண்ணீரை விரும்புகிற கூட்டம். முன் படலையால் கள்ளன் வர, கோடிக்குள் கட்டின நாய் எவ்வளவு பெரிசாக இருந்தென்ன?

அந்தத் தோலின் பரப்பளவைக் கணக்குப் பார்த்தேன். 100 மில்லிலீற்றர் எண்ணெயை 2 மைக்குரோமீற்றர் விட்டமுள்ள துளிகளாக உடைத்தால், எல்லாத் தோலையும் சேர்த்து விரித்தால் 300 சதுர மீற்றர் வரும். எங்கள் காணிக் கணக்கில் 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அரைப் போத்தலுக்கும் குறைந்த எண்ணெய்க்குள் ஒரு பரப்புத் தோட்டத்தைவிடப் பெரிய எல்லை சுருண்டு கிடக்கிறது! அவ்வளவு இடத்துக்கும் காவல் வேண்டும்.

இனிச் சொதிக்கு வருவோம். தேங்காய்ப்பாலைப் போல ஒரு பால்மம் எங்கே கிடைக்கும்? யாரும் பால்மமாக்கி தராமலே, தேங்காயின் சொந்தப் புரதமே துளிகளைச் சுற்றிப் போர்த்து வைத்திருக்கிறது. பெரியம்மா சொதி வைக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் இரண்டாம் பாலில் அவியும். மஞ்சள் ஒரு சிட்டிகை. பிறகு முதற்பால்.

"கொதிக்க விடாதை மேனை. ஆத்திக்கொண்டு நில். நுரை கூடி வரேக்கை இறக்கு."

கொதித்தால் புரதம் குலைந்து பால் திரைந்துவிடும். ஆற்றுகிற அகப்பையில் உற்றுப் பார்த்தால் இன்னொன்று தெரியும். மேலே மிதக்கிற எண்ணெய்ப் பொட்டுகள் சுற்றியிருக்கிற பாலைவிட ஆழ்ந்த மஞ்சளாக மினுங்கும். மஞ்சளின் குர்க்குமின் தண்ணீரில் கரைய மறுக்கும், கொழுப்பைத் தேடிப் போகும். குர்க்குமினும் ஒட்சியேற்ற எதிரிதான். எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அந்த இடத்தைத் தானே தேடிப் பிடித்து, நிறத்தால் எங்களுக்குக் காட்டியும் விடுகிறது. நான் அகப்பையோடு யன்னல் வெளிச்சத்துக்கு ஓடினேன். பெரியம்மா ஏசினா.

தேசிக்காய்ப்புளி இறக்கினபிறகுதான். புளிப்பு ஏறினால் துளிகளின் மின்னேற்றம் குறைந்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும், அதுவும் திரைவுதான். தேசிப்புளியின் விற்றமின் சி தண்ணீர்ப் பக்கம் நிற்கிற ஆள். இரும்பு அயன்கள் கிடந்தால் அவற்றை வீரியமான வடிவத்துக்கு மாற்றிவிட்டு, காக்க வந்ததே கெடுக்கவும் கூடும். கடையில் விற்கிற மயோனைசில் இந்தத் தலையிடி பெரிது. வினாகிரியின் புளிப்பு, முட்டை மஞ்சட்கருவில் கட்டுண்டிருக்கிற இரும்பை அவிழ்த்துவிடுகிறது. அதற்காகவே சில போத்தல்களில் இரும்பைப் பிடித்து வைக்கிற ஈ 385 சேர்க்கிறார்கள். எங்கள் வீட்டில் சொதி காறுகிறவரைக்கும் மிஞ்சினதில்லை, ஆகவே அந்தக் கவலை இல்லை.

தலைகீழ் விதிக்கும் ஒரு விதிவிலக்கு வந்தது, அது இன்னும் சுவை. குளோரோஜெனிக் அமிலம் என்று ஒன்று, கோப்பியில் நிறைய உண்டு, எங்கள் செம்மண்ணில் விளைகிற புகையிலை இலையிலும் உண்டு. (சுருட்டுக்காரர் சந்தோசப்பட வேண்டாம், பற்றவைத்தால் கதை வேறு.) அதற்கு வெவ்வேறு நீளத்தில் கொழுப்பு வால் ஒட்டி, லாகேர் என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு 2009இல் பால்மத்தில் சோதித்தது. வால் நீள நீளத் திறமை ஏறியது, 12 காபன் வரைக்கும். அதற்கு மேலே நீட்டினால் சடாரென்று விழுந்தது. எண்ணெயை விரும்பினால் மட்டும் போதாதாம், அளவு கடந்தால் எல்லையை விட்டு விலகிப் போய்விடுமாம்.

அதே 2009இல் எங்கள் நாட்டிலேயே செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது, இதற்கு நான் எழும்பிநின்று கைதட்டுவேன். களனிப் பல்கலைக்கழகத்தின் கபில செனவிரத்னவும் சக ஆய்வாளர்களும், தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த எண்ணெயையும் சூடுகாட்டாமல் எடுத்த எண்ணெயையும் ஒப்பிட்டார்கள். பச்சையாக எடுத்ததே உசத்தி என்று விளம்பரங்கள் சொல்லும். ஆய்வில் பீனோல் வகை ஒட்சியேற்ற எதிரிகள் கூட இருந்தது காய்ச்சின எண்ணெயில்! பாலாக இருக்கும்போது அவற்றில் பெரும்பங்கு தண்ணீர்ப் பக்கம் நிற்கிறது. சூடுகாட்டாமல் எண்ணெயைப் பிரித்தால் தண்ணீரோடேயே போய்விடும். தாச்சியில் வைத்து மெல்ல மெல்லக் காய்ச்சும்போது தண்ணீர் வற்றுகிறது, போக்கிடம் குறைகிறது, சூட்டில் அவை எண்ணெய்க்குள் இறங்குகின்றன.

தேங்காயெண்ணெய் 90 வீதம் அளவில் நிரம்பின கொழுப்பு, காறாமல் நிற்க அதுவே பாதி காரணம். இருந்தாலும் தாச்சியருகே நின்று அந்த நேரத்தைப் பார்க்க வேண்டும். பால் சளசளவென்று கொதித்து, நுரை அடங்கி, சத்தம் குறைந்து, அடியில் மண்டி பழுப்பேற, மேலே எண்ணெய் தெளிந்து வரும். அந்த மண்டியில் சீனி தூவிச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். போன கிழமை மருதனார்மடச் சந்தையில் ஒரு சாக்குத் தேங்காய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சுகிறோம். திருவலை மட்டும் பெரியம்மாதான் பிடிப்பாவாம், நான் அடுப்படியில் "ஆராய்ச்சி" செய்யாமல் விறகு தள்ளினால் போதுமாம்.