பானைக்குள் பாம்பு

காற்று வறண்டால் தறியில் பட்டு இழை அறும் என்பது ஆரணி நெசவாளிக்குத் தெரிந்த சங்கதி. பாம்புத் தோலுக்கும் அதே பாடுதான். ஈரப்பதம் போதாவிட்டால் சட்டை முழுசாகக் கழலாது. துண்டு துண்டாய் உரிந்து வால் நுனியிலும் கண்மேலும் ஒட்டிக்கொள்ளும். வெளிநாடுகளில் பாம்பு வளர்ப்போர் இதற்காகப் பழைய பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு ஈரப் பாசியை அடைத்து வைக்கிறார்கள். நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம் விடாது, விடாததும் நல்லதுதான்.

இந்த டப்பாவுக்கு நம்மூர் அண்ணனைப் பார்க்க வடநெம்மேலிக்குப் போகவேண்டும். அங்கே முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978இல் தொடங்கியது. நஞ்செடுக்கப் பிடித்துவரும் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் எல்லாவற்றுக்கும் குடியிருப்பு மண்பானைதான். அடியில் கொஞ்சம் மணல், வாயில் பருத்தித் துணி, கழுத்தைச் சுற்றி ஒரு கயிறு. துணி வழியே காற்று போகும், பாம்பு போகாது. பானை நனைந்திருந்தால் சுடுமண்ணின் நுண்துளைகளில் ஈரம் ஆவியாகி உள்ளே வெக்கை தணியும். இருட்டு வேறு, வளைக்குள் இருப்பதுபோலப் பாம்பு சுருண்டுவிடும். கண்ணாடித் தொட்டி வேடிக்கை பார்ப்பவருக்குத்தான் சௌகரியம்.

வாரம் ஒருமுறை நஞ்செடுப்பு. சில வாரங்களில் வயிற்றுச் செதிலை லேசாக வெட்டி அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த அடையாளமும் சட்டை உரிக்க உரிக்க மங்கிப்போகும்.